பட்டாக் காட்டில் பழைய கொடுமணல்! பார்க்கத் தடம் கிடைக்குமா?

வெள்ளகோவில்,
பதிற்றுப்பத்தில் வரும் 'கொடுமணம்', சென்னிமலை பக்கத்துக் கொடுமணல்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலை, கல்மணிப் பட்டறை, எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் கிடைத்தன. மணிக்கான பெரில் கல், நம்ம காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைப்பது!

இத்தனை இருந்தும் போய்ப் பார்க்க முடிகிறதா? பல இடம் பட்டாக் காடு. தோண்டிய குழியை மூடினால்தான் வெள்ளாமை. காட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. விதைத்த காட்டில் நாலு பேர் மிதித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டுச் சட்டம், தனியார் மேட்டு நிலங்களிலும் மக்கள் நடக்க உரிமை கொடுத்தது. இங்கே 1958-ம் ஆண்டு மத்திய சட்டம், பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னத்தைப் பார்க்கத்தான் உரிமை தருகிறது. ஆனால் நிலத்துக்காரரோடு அரசு ஒப்பந்தம் போடவும் அதில் வழி உண்டு. வேலி தாண்டும் பேச்சே வேண்டாம். ஈமக் கல்வட்டம் வரை ஒரு தடம், காட்டுக்காரருக்கு அதற்கு வாடகை. அதிகாரிகள் இதைப் பேசி முடிக்கலாமே!