மாடு கட்டியாச்சா?

ஸ்வீடன்காரர் ஒருத்தர் கோபத்தில் 'ஃபே!' என்று கத்தினால், நம்ம பாஷையில் 'போடா மாடே!' என்று அர்த்தம். டென்மார்க்கிலும் இதே வசவு உண்டு. நார்வேயில் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் முதல் அர்த்தம் கால்நடைதான். ஐஸ்லாந்து இன்னும் வேடிக்கை. அங்கே கால்நடைக்கும் (முக்கியமாக ஆட்டுக்கு) பணத்துக்கும் ஒரே சொல். அந்த ஊர் நிதி அமைச்சரின் பதவிப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'கால்நடை விவகார மந்திரி' என்றும் படிக்கலாம்!

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த நாலு தேசத்துக்கும் ஏறக்குறைய ஒரே பாஷை. அதில் 'ஃபே' என்றால் கால்நடை. கால்நடைதான் ஆஸ்தி. அதனால் ஆஸ்திக்கும் அதே பெயர். கல்லிலும் மரத்திலும் செதுக்கிய அவர்களின் 'ரூன்' எழுத்து வரிசையில் முதல் எழுத்துக்கே இந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த எழுத்தைப் பற்றிய பழைய நார்வே, ஐஸ்லாந்துப் பாட்டுகளின் சாரம் என்ன தெரியுமா? சொத்துதான் சொந்தக்காரர்கள் சண்டைக்குக் காரணம் என்பது. பனிப் பிரதேசத்திலும் பாகப்பிரிவினை இருந்திருக்கிறது, சார்.

'அதுக்கும் நமக்கும் என்னய்யா?' என்பவர்கள் விழுப்புரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் போய் திருவாமாத்தூரில் இறங்கவும். 'ஆ' என்றால் பசு. வடமொழியில் இந்த ஊருக்கு கோமாத்ருபுரம் என்று பெயர். கொம்பில்லாமல் இருந்த பசுக்கள் இங்கே சிவனை வேண்டிக் கொம்பு வாங்கிக்கொண்டன என்கிறது தலபுராணம். அவர்களுக்கு முதல் எழுத்து மாடு என்றால், நமக்கு இரண்டாவது எழுத்தே பசு!

இங்கே அபிராமேஸ்வரர் கோயிலில் வட்டப்பாறை ரொம்பப் பிரசித்தம். அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. இதற்கு ஊரில் சொல்லும் கதையும் அண்ணன் தம்பி சொத்துத் தகராறுதான். தம்பியை ஏமாற்றிய அண்ணன் துணிந்து சத்தியம் செய்து, தண்டனை வாங்கிக்கொள்கிறான். நார்வே பாட்டுக்காரர் கேட்டிருந்தால், 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று தலையாட்டியிருப்பார்.

இப்போது தமிழ் அகராதியில் 'மாடு' பக்கத்தைப் புரட்டுங்கள். பசு, எருது என்று போட்டிருக்கும். செல்வம், பொன் என்றும் போட்டிருக்கும். 400-வது குறளில் வள்ளுவர் மாடு என்பது கொட்டிலில் நிற்பதை இல்லை, செல்வத்தை. அழியாத சொத்து படிப்பு ஒன்றுதான், மற்றதெல்லாம் சொத்தே இல்லை என்கிறார். மாட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பி, பரீட்சையில் எதையோ எழுதிக் குட்டு வாங்கியவர்கள் கை தூக்கலாம்.

சொத்து என்றால் நிஜமாகவே சொத்து. செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. அவற்றில் பல, 'தொறு' எனப்பட்ட மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் உயிரை விட்டவர்களுக்கு நட்டவை. இந்தக் காலத்து பாங்க் கொள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படிப்பட்ட மாடு எப்படித் திட்டாக மாறியது? காசு புழக்கத்துக்கு வந்தது. சொத்து தொழுவத்தை விட்டுப் பெட்டிக்குள் போனது. மாட்டிடம் மிஞ்சியது சாணியும் அசட்டுப் பட்டமும். கையில் சொத்து இருக்கிறவரை மரியாதை, எழுதிக் கொடுத்த மறுநாள் ஏச்சு. சில வீடுகளில் பெரியவர்கள் கதியும் இதேதான்.

ஆனால் நம்ம பக்கத்துக் கிராமங்களில் சொத்து இன்னும் தொழுவத்தை விட்டு முழுசாகப் போய்விடவில்லை. விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் தூக்குடன் நிற்கிற அம்மாவைக் கேளுங்கள். மளிகைக் கடன், மருந்துச் செலவு எல்லாம் அந்த ஒரு கறவையின் மடியில்தான். ஜூன் மாதம் பிறந்து, பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்தால், அதுவும் சந்தைக்குப் போய்விடும். மறுநாளிலிருந்து சொசைட்டியில் அந்த வீட்டுப் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

அந்தப் பணத்தில் என்ன கட்டுகிறார்கள்? ஃபீஸ். இந்த இங்கிலீஷ் வார்த்தை பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தாலும், மூலம் பழைய ஜெர்மானிய 'ஃபேஹு' என்றுதான் பெரும்பாலான அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஸ்வீடன்காரரின் 'ஃபே'க்கு அண்ணன் முறை. அதாவது, கால்நடை! மாட்டை விற்று மாடு கட்டுகிறோம்.

காலேஜ்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் கிழித்துக் கொடுக்கும் ரசீது ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலித் தொழுவம் இருக்கலாம். வாங்கிய மாட்டுக்கு வள்ளுவர் சொன்ன அந்த அழியாத மாட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரியர்ஸோடு வீட்டுக்குப் போகும்போது, 'ஏண்டா மாடே!' என்று அப்பா கத்தினால், திட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம். விற்றதற்குக் கணக்குக் கேட்கிறார்.