காதுக்குரிய கருவியில் கண்ணுக்கு என்ன வேலை?

"பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு அழகு எதற்கு? ஒலி நன்றாயிருந்தால் போதாதா?" என வினவுவோர் உளர். புறத்தோற்றத்தில் மயங்குவது பேதைமை என்பது அன்னார் துணிபு. இவ்வாதம் அறிவுடைமைபோல் தோன்றினும், ஒப்பனையையும் அழகையும் ஒன்றெனக் குழப்புகிறது.

ஜப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்னும் இசைத்தட்டுக் கருவியை நோக்குக. தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டின் விளிம்பில் நான்கு வரிசைகளாகப் புள்ளிகள் அமைந்துள்ளன. அவற்றின்மீது சிறியதொரு செவ்வொளி படுகிறது. அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாத விரைவில் இமைக்கிறது. வட்டு நிமிடத்திற்கு 33 1/3 சுற்று என்னும் அளவில் பிறழாது சுழலுங்கால், உரிய வரிசைப் புள்ளிகள் அசையாது நிற்பனபோல் தோன்றும். வேகம் மிகின் அவை முன்னே நகரும். குறையின் பின்னே நழுவும். ஓடுகின்ற வட்டில் நிற்கின்ற புள்ளிகள்! காது எளிதில் கண்டறியாத பிழையைக் கண் அறிந்து கூறுகிறது. இதனையா வீண் அலங்காரம் என்பது?

ஜெர்மனியில் 1956இல் பிரௌன் நிறுவனத்தார் எஸ்.கே. 4 என்னும் வானொலி இசைத்தட்டுப் பெட்டியை உருவாக்கினர். ஹான்ஸ் குகெலோட், டீட்டர் ராம்ஸ் ஆகிய இருவரும் வடிவமைத்தது அது. முதலில் எண்ணிய உலோக மூடி, ஒலி எழுந்தபோது அதிர்ந்து இரைந்தது. எனவே, ஒளி ஊடுருவும் நெகிழி மூடியைப் பொருத்தினர். பொத்தான்களும் சுழல்வட்டும் அதனூடே தெளிவாகத் தெரிந்தன. அதனை 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பேழை' என்று எள்ளியவர்களும் இருந்தனர். ஆயினும், பின்னாளில் எத்தனையோ நிறுவனங்களின் கருவிகளில் அத்தகைய மூடியே இடம்பெற்றது. அதிர்வு என்னும் குறையை நீக்கப்போய்க் கிடைத்த எழில் அது.

உவமையணி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பொருளை விளக்காத உவமையை மாணவன் எழுதினால் அவர் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். அவரே கடைக்குச் சென்றால் மட்டும் அக்கண்டிப்பு எங்கே போகிறது?

இன்று விற்பனையாகும் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் வண்ண விளக்குகள் தாலாட்டுக்கும் பறைக்கும் ஒரே தாளத்தில் மினுங்குகின்றன. அவற்றை அணைத்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் குறைவதில்லை. டெக்னிக்ஸ் வட்டின் புள்ளிகளை மறைத்தாலோ, வேகத்தைக் கண்ணால் அறியும் வழி அடைபட்டுவிடும். "அழகு எதற்கு?" என்று சினப்போர் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கின்றனர். விளக்குக்கு மயங்கி வாங்குவோரும் அதனையே செய்கின்றனர். ஆகவே, மினுங்கும் பெட்டியைச் செய்பவனுக்கு இரு திறத்தாராலும் இடையூறு இல்லை.