அறுவடைக்குப் பிறகு மண்ணில் மிஞ்சுவது



1980களில் விக்டோரியா அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. மேட்டில் எழுந்த புதிய நகரைச் சுற்றியுள்ள சரிவுகளில் இன்று மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே இடும் உரத்தில் பயிர் எடுக்காமல் விட்டது மழையோடு இறங்கினால் கிணற்றுக்கும் பீலிக்கும் நீர்த்தேக்கத்துக்கும்தான் போகும்.

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களில் நைத்திரேற்றாக மாற்றிவிடும். நைத்திரேற்றுக்கு எதிர்மின்னேற்றம், களித்துகளுக்கும் எதிர்மின்னேற்றம். அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமம் இதை நமக்கு முன்பே அனுபவித்துவிட்டது. சுண்ணக்கல்லின் மேல் செம்மண், வருடம் முழுக்கப் பயிர், தாராளமாக உரம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அங்கே பல கிணறுகள் அதைத் தாண்டியிருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அந்தத் தண்ணீர் குறைத்துவிடும். தாய்மார் அதைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

நம் விவசாயிகள் மண்ணைப் பரிசோதிப்பது பெரும்பாலும் எவ்வளவு உரம் இடலாம் என்று அறியத்தான். அது நல்ல பழக்கம். ஆனால் தண்ணீருக்கு வரும் ஆபத்தை அறிய, அறுவடை முடிந்து பெருமழை தொடங்குமுன் மண் எடுக்க வேண்டும். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 15 வரை, 90 சென்ரிமீற்றர் ஆழம் வரை மண் எடுத்து, மிஞ்சிய நைத்திரேற்றை அளக்கிறார்கள். நமக்கு அந்த வேளை சிறுபோகம் முடிந்து ஒக்டோபர் மழை இறங்குவதற்கு முந்திய நாட்கள்.

தோட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் போதாது. வளைந்து வளைந்து நடந்து, பதினைந்து இடங்களிலாவது எடுங்கள். 30 சென்ரிமீற்றருக்கு ஒரு படையாகப் பிரித்து, அந்தந்தப் படையை மட்டும் ஒன்றாகக் கலக்குங்கள். மேற்படையில் குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் உரம் வேரைத் தாண்டிவிட்டது என்று பொருள். எடுத்த மண்ணை வெயிலில் வைக்காதீர்கள். பைக்குள்ளும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை, அளவு மாறிவிடும். குளிராக வைத்து அன்றைக்கே கொடுப்பது நல்லது. விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் பேராதனையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் "நைத்திரேற்றும் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பயிர், மண் எடுத்த மாதம், ஆழம், இட்ட யூரியாவின் அளவு ஆகியவற்றைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். பெரும்போகத்துக்கு உரம் வாங்குமுன் படிக்கக் கிடைக்கும்படி அவற்றை இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்