ஒரு வருடம்தானே பாக்கி!

என் நாத்தனார் மகள் பி.காம்., இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீட்டில் வட்டிக் கடன். 'இனி காலேஜுக்குப் போகல அத்தை, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறேன்' என்கிறாள். எங்கள் தெருவில் பி.எஸ்சி., முடித்தவளும், பத்தாவதோடு நின்றவளும் ஒரே வேனில்தான் மில்லுக்குப் போகிறார்கள். அதைப் பார்த்துக் கேட்கிறாள். எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். பட்டதாரிகளும் அதற்குத்தானே முட்டி மோதுகிறார்கள்!

நானும் பத்தாவதுதான். 2012ல் என் கல்யாணத்துக்கு அரசு 25 ஆயிரம் ரூபாயும், தாலிக்கு 4 கிராம் தங்கமும் தந்தது. டிகிரி இருந்தால் 50 ஆயிரம். அந்தத் திட்டம் 2022ல் 'புதுமைப் பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் இவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிப்பை விட்டால் அதுவும் போச்சு.

கம்பெனி வேலை அடுத்த வருஷமும் இருக்கும். காலேஜ் சீட் இருக்குமா? 'முடிச்சிட்டுப் போ' என்றேன். 'அப்புறமும் அதே வேன்லதான் ஏறணும்னா?' என்றாள். ஏறினாலும், தையல் மெஷினை விட்டுக் கணக்கு எழுதும் மேஜைக்குப் போக வழி உண்டு என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

டிகிரி முடித்து வேலைக்குப் போன சகோதரிகள் எழுதுங்களேன், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

— ஒரு வாசகி, தொப்பம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.