சக்கரக் கம்பியும் நம் உயிரும்



வெட்டுக் கத்தியைத் தீட்டாமல் மரத்தடிக்குப் போகும் தொழிலாளி நம்மில் எவரும் இலர். கத்தி மழுங்கினால் பட்டை கெடும், பால் குறையும், கூலியும் குறையும். ஆனால், அந்தக் கத்தியையும் வாளியையும் நம் உடலையும் சுமந்துகொண்டு விடியுமுன் இருட்டில் ஓடுகிறதே மோட்டார் சைக்கிள், அதன் சக்கரக் கம்பிகளைக் கடைசியாக எப்போது தொட்டுப் பார்த்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் நம் முன்னோர் தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் சுமந்தார்கள். பிறகு சைக்கிள் வந்தது. இன்று கப்சாய் நிற்காத வாசல் அரிது. ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென்று செய்த அந்தச் சிறு வண்டியின் பின்புறத்தில் பால் வாளியையும் கட்டிப்பால் மூட்டையையும் ஏற்றுகிறோம். குண்டும் குழியுமான செம்மண் சாலையில் ஓட்டுகிறோம். அத்தனை பாரமும் கடைசியில் ஸ்போக்ஸ் கம்பிகளின்மீதுதான் விழுகிறது.

அடியிலுள்ள கம்பிகள் தூணைப் போல் நின்று பாரத்தைத் தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அவ்வளவு மெல்லிய கம்பி தூணாக நிற்காது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் வீணைத் தந்தியைப் போல் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் சக்கரம் வட்டமாக நிற்கிறது. கப்சாய் சக்கரத்தில் பெரும்பாலும் 36 கம்பிகள் உண்டு. ஒன்று தளர்ந்தால் அதன் பங்கைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்தும் இழுபட்டும் ஆடி, சக்கரக் குடத்தின் அருகே வளைந்திருக்கும் கழுத்தில் ஒடிந்துபோகிறது. பிறகு அடுத்த கம்பிக்கு ஆபத்து. மலாய்க்காரர்கள் ஸ்போக்ஸ் கம்பியை 'லிடி' என்பார்கள். லிடி என்றால் ஈர்க்கு. தனி ஈர்க்கு எதற்கும் உதவாது. சேர்த்து இறுக்கிக் கட்டினால்தான் துடைப்பம். சங்கத்தில் சேர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

நம் தொழிலுக்கென்றே இன்னொரு பகையும் உண்டு. பால் உறையாதிருக்க அமோனியா கலக்கிறோம்; உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். வழியில் சிந்துவது சக்கரத்தில்தான் வழிகிறது. ஆசிட், கம்பியின் மேற்பூச்சைத் தின்றுவிடும். பூச்சுப் போனால் துரு ஏறும். அமோனியாவோ பித்தளைக்கு எமன். முன்பு இந்தியாவில் பிரிட்டிஷ் இராணுவத்தார் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவே காரணமென்று 1921-இல் விளங்கிற்று. கம்பியை வளையத்தோடு பிணைக்கும் நிப்பிள் பித்தளையானால், அதற்கும் இதே கதிதான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் வண்டியின் பின் சக்கரக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கடையில் விட்டேன், பளபளவென்று திரும்பி வந்தது. மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்துச் சரிவில் இறங்கும்போது சக்கரம் பாம்பைப் போல் நெளிந்தது. இறங்கிப் பார்த்தால் இரண்டு கம்பிகள் ஒடிந்து தொங்கின. துருவின்மேல் சில்வர் சாயம் பூசியிருந்தார்கள்! எதிரே லோரி வராததால் இன்று எழுதுகிறேன்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. ஓய்வு நாளில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்று ஒலிக்கும். தளர்ந்தது மழுங்கிய சத்தம் தரும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் உண்டா என்று பாருங்கள். தளர்ந்த நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். மிகையாகத் திருகினால் சக்கரம் கோணும். கம்பியின் நுனி உள்ளே நீண்டு டியூபைக் குத்தும். நிப்பிள் துருவால் இறுகியிருந்தால், ஒரு சொட்டுத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிரேக்கிலும் டயரிலும் எண்ணெய் படக்கூடாது. மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்த கம்பியை மாற்றியே ஆகவேண்டும். பல கம்பிகள் அப்படியிருந்தால் முழு செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பால் ஏற்றிய நாளெல்லாம் சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

இது நம் கடமை. ஆனால் கடமை நமக்கு மட்டுந்தானா? வண்டி நம்முடையது, அதில் ஏறும் பால் யாருடையது? தோட்டத்தின் பாலைச் சுமந்து தேய்ந்த கம்பிக்குத் தொழிலாளி மட்டும் தன் கூலியிலிருந்து வெள்ளியை எடுத்து வைப்பது நியாயமன்று. நிர்வாகமும் பங்கு ஏற்க வேண்டும் என்பதே என் வாதம். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். அந்தக் குழுவில் இதைப் பேசுங்கள். மாதம் ஒருமுறை பால் ஸ்டோர் வாசலில் வண்டிச் சோதனை, கழுவத் தண்ணீர்க் குழாய், பாரம் சுமக்கும் வண்டிக்குப் பராமரிப்புப் படி ஆகிய மூன்றையும் கேளுங்கள். கிராணி நண்பர்களே, கோரிக்கையை முறையாக எழுதித் தருவது உங்கள் பேனாவின் வேலை. நீங்களும் அதே சாலையில்தான் வருகிறீர்கள்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்துக்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழியுண்டு என்பது உண்மையே. வழியுண்டே என்று வாளாவிருக்கலாமா? பணம் வரும், ஒடிந்த கால் பழையபடி வருமா? பிள்ளைகளுக்கு அப்பா வருவாரா?

தோழர்களே! வருகிற ஓய்வு நாளில் ஸ்பேனரைக் கையிலெடுங்கள். 36 கம்பிகளையும் தட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு முதியவரின் வண்டியையும் தட்டிப் பாருங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து நிர்வாகத்தின் கதவைத் தட்டுவோம்!