தேய்மானத்துக்கு யார் பணம் கட்டுவது?

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழு. நோட்டீஸில் மூன்றாவது பொருளாக ஒரு தீர்மானம் இருக்கிறது. இப்போது வாங்கும் மாதப் பராமரிப்புத் தொகைக்கு மேல், வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் 'பெரும்பழுது நிதி' என்று தனியாக வசூலிக்க வேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிபவன் நான். எதிர்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள்; காலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள்.

"பதினைந்து வருஷம் கழித்து மாற்றப்போகிற லிப்டுக்கு நான் ஏன் சார் இன்றைக்குப் பணம் கட்ட வேண்டும்? அப்போது நான் இருப்பேனா?" என்று காந்தி சிலை அருகே ஒருவர் கேட்டார். நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2010 முதல் 2019 வரை ஒன்பது ஆண்டுகள் எங்கள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் செலவு எழுதியதில்லை. அந்த ஒன்பது ஆண்டும் மாதப் பராமரிப்புத் தொகையை 1,200 ரூபாய்க்கு மேல் ஏற்றவில்லை. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கைதட்டினார்கள். ஒரு முறை சால்வை கூடப் போர்த்தினார்கள். காவலாளி சம்பளம், பெருக்குகிறவர் சம்பளம், மோட்டார் கரண்ட், லிப்ட் சர்வீஸ் எல்லாம் போக வருஷக் கடைசியில் முப்பது, நாற்பதாயிரம் மிஞ்சும். அதைப் பொங்கல் விழாவுக்கு எடுத்துக்கொள்வோம்.

2020 நவம்பரில் நிவர் புயல் கடந்துபோன அடுத்த வாரம், மூன்றாவது மாடி சன்ஷேடிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தது. மதியம் இரண்டு மணி. நான்கு மணிக்கு அதே இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். பொறியாளரை வரவழைத்துக் காட்டினோம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பல இடங்களில் பொத்தென்று சத்தம் வந்தது. சன்ஷேடுகள், பால்கனியின் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் தூண்கள், மொட்டை மாடித் தளம் எல்லாவற்றையும் சேர்த்து 33,60,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார். 24 வீடுகள். வீட்டுக்கு 1,40,000 ரூபாய், நான்கு மாதத்துக்குள்.

முதல் மாடியில் ஓய்வுபெற்ற தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். கணவர் இறந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். முதல் தவணைக்கு வளையலை அடகு வைத்தார். மூன்றாம் தவணைக்கு வழியில்லாமல், அடுத்த வருஷம் வீட்டையே வந்த விலைக்கு விற்றுவிட்டு விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்முன் சாவியைக் கொடுக்க வந்தபோது, "ஒன்பது வருஷம் நீங்கதானே சார் கணக்கு எழுதினீங்க, இது வரும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தெரிந்திருக்க வேண்டும் என்பதே பதில். நான் எழுதிய கணக்கில் பணம் வந்ததும் போனதும் இருந்தது. கட்டடம் தேய்வது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த ஒன்பது ஆண்டும் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வாங்கி வங்கியில் போட்டிருந்தால் அசலே 1,08,000. வட்டியோடு ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். டீச்சரம்மா வளையலைக் கழற்ற வேண்டியிருந்திருக்காது. நான் ஏற்றாமல் வைத்திருந்த பராமரிப்புத் தொகை உண்மையில் சிக்கனம் இல்லை. அது நாங்கள் எழுதாமல் விட்ட கடன்.

நம் ஊரில் இந்தக் கடன் சீக்கிரம் வளர்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு சிமெண்டுப் பூச்சில் ஊறி உள்ளே கம்பி வரை போகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் மழைத் தண்ணீர் இன்னும் எளிதாக இறங்குகிறது. முதல் விரிசலில் கவனித்தால் கொத்தனார் கூலியோடு போகும். ஐந்து வருஷம் விட்டால் கம்பியையே மாற்ற வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசியபின் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? விரிசல் தெரிந்த இடத்திலெல்லாம் பட்டி பார்த்து வெள்ளையடித்தோம். செலவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

கடற்கரையில் நம் மேரி கட்டடம் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். பழுது பார்க்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. 2014 நவம்பர் 29 அன்று பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அது அரசாங்கத்தின் கட்டடம். கட்டித்தர அரசாங்கம் இருந்தது. நம் 24 வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும். எங்கள் கட்டடம் 1996இல் எழுந்தது. இனிமேல் எல்லாம் எங்கள் செலவுதான்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. பொதுவில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, அதை மாற்றவோ பழுது பார்க்கவோ இன்றைக்கு என்ன ஆகும், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் செலவு வரும் என்று பக்கத்தில் போட்டு வகுக்க வேண்டும். விலை விசாரித்து நான் போட்ட கணக்கு இது:

வெளிப்பூச்சு பெயிண்ட்: 6,00,000 ரூபாய், 6 ஆண்டுக்கு ஒரு முறை. ஆண்டுக்கு 1,00,000.
மொட்டை மாடி நீர்க்காப்பு: 4,00,000 ரூபாய், 10 ஆண்டு. ஆண்டுக்கு 40,000.
லிப்ட்: 12,00,000 ரூபாய், 24 ஆண்டு. ஆண்டுக்கு 50,000.
மோட்டாரும் மின்பலகையும்: 96,000 ரூபாய், 8 ஆண்டு. ஆண்டுக்கு 12,000.
தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய்: 8,00,000 ரூபாய், 25 ஆண்டு. ஆண்டுக்கு 32,000.
கான்கிரீட், கம்பிப் பழுது: 8,40,000 ரூபாய், 15 ஆண்டு. ஆண்டுக்கு 56,000.

மொத்தம் ஆண்டுக்கு 2,90,000. 24 வீட்டுக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் வீட்டுக்கு மாதம் 1,007 ரூபாய். தீர்மானத்தில் இருக்கும் 1,000 இப்படி வந்ததுதான். விலைவாசி ஏறும், வங்கி வட்டி ஓரளவு ஈடுகட்டும், முழுவதும் ஈடுகட்டாது. ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பட்டியலைத் திரும்பப் போட வேண்டும்.

இது என் சொந்த யோசனை இல்லை. என் சித்தப்பா மகன் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். போன வருஷம் வந்தபோது, "அண்ணே, நீங்க பிரெவே படிச்சவர், இதைக் கொஞ்சம் பாருங்க, மாசாமாசம் எதுக்கோ பிடிக்கிறாங்க" என்று அவர்கள் கட்டடத்து நிர்வாகி அனுப்பிய காகிதக் கட்டை என் முன் வைத்தான். அதில் 'ஃபோன் த த்ராவோ' என்று ஒரு வரி இருந்தது. பழுதுவேலைக்கான நிதி. பல வீடுகள் பொதுவில் வைத்திருக்கும் கட்டடங்களுக்கு பிரான்சில் 1965 ஜூலை 10ஆம் தேதியிட்ட சட்டம் இருக்கிறது. 2017 ஜனவரி முதல் இந்த நிதி கட்டாயம். ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 5 சதவீதம். 2021இல் வந்த சட்டம் இன்னொரு படி ஏறி, 15 ஆண்டு தாண்டிய குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்தாண்டுப் பழுதுத் திட்டம் போடச் சொல்கிறது. பெரிய கட்டடங்களில் தொடங்கி, 2025 முதல் 50 வீடு வரையிலான சிறிய கட்டடங்களுக்கும் அது வந்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. கட்டிய பணம் வீட்டோடு ஒட்டியது. வீட்டை விற்றுவிட்டுப் போனாலும் சங்கம் திருப்பித் தராது. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அதன் பொருள், நீ இருந்த காலத்தில் நீ தேய்த்த கூரைக்கு நீ கட்டினாய் என்பதுதான். காந்தி சிலையருகே கேட்ட நண்பருக்கும் இதுவே என் பதில். பதினைந்து வருஷம் கழித்து வரப்போகிற லிப்டுக்கு நாம் கட்டவில்லை. இன்று காலை பால் வாங்க இறங்கினோமே, அந்த லிப்டின் தேய்மானத்துக்குக் கட்டுகிறோம்.

பிரான்சு வரை போக வேண்டியதும் இல்லை. மகாராஷ்டிராவில் வீட்டுவசதி கூட்டுறவுச் சங்கங்களுக்கான மாதிரி விதிகளில், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.75 சதவீதம் பழுது நிதிக்கும், 0.25 சதவீதம் சிங்கிங் ஃபண்ட் என்ற நிதிக்கும் வாங்கச் சொல்லியிருக்கிறது. பம்பாயில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டாமல் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம். ஃபுளோரிடாவில் மயாமிக்கு அருகே சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊர். 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடம், 136 வீடுகள். நீச்சல்குளத்தைச் சுற்றிய தளத்தில் தண்ணீர் இறங்கி கான்கிரீட் கெட்டிருப்பதாக 2018லேயே பொறியாளர் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரர்களுக்குள் சண்டையும் தயக்கமுமாகக் காலம் போயிற்று. கடைசியில் சுமார் 1.5 கோடி டாலர் வசூலிப்பதென முடிவு செய்து, 2021 ஜூலை 1 முதல் பணம் கட்டச் சொன்னார்கள். ஜூன் 24 அதிகாலையில் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். பணமில்லாததால் மட்டும் இடிந்தது என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. ஆனால் பழுது தெரிந்த நாளில் கையில் பணம் இருந்தால் வேலை அன்றே தொடங்கும். இல்லாத இடத்தில் முதலில் கூட்டம்தான் தொடங்கும்.

அதற்குப் பிறகு 2022இல் ஃபுளோரிடா, மூன்று மாடியோ அதற்கு மேலோ கொண்ட கட்டடங்களுக்கு இந்த நிதிக் கணக்கைக் கட்டாயமாக்கியது. பல ஆண்டு கட்டாததை ஒரே மூச்சில் கட்ட வேண்டி வந்ததால், அங்கே ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் பலர் திணறிப்போனார்கள். இங்கே டீச்சரம்மா பட்டது அங்கே பலர் பட்டது.

இனி எதிர்ப்புகள். "பணம் சேர்ந்தால் கமிட்டிக்காரன் கை வைப்பான்" என்பது முதலாவது. நியாயமான பயம். அதனால்தான் தீர்மானத்தில் தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு முறை இருப்பை நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பொங்கல் விழாவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. "ஜிஎஸ்டி வரும்" என்பது இரண்டாவது. உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு இருக்கிறது; நாம் அதன் பக்கத்திலேயே இல்லை.

மூன்றாவதுதான் கடினமானது. மாதம் ஆயிரம் என்பதே சிலருக்குப் பாரம். இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் வாங்கும் வீட்டில் ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை, எனக்கும் இல்லை. முதல் ஆண்டு 500, இரண்டாம் ஆண்டு 750, பிறகு 1,000 என்று வைக்கலாம் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். சதுர அடிக் கணக்கில் பெரிய வீட்டுக்கு அதிகம் என்றாலும் சரி. என் வீடு பெரியதுதான். ஆனால் மாதம் ஆயிரம் கட்ட முடியாதவரால், ஒரு நாள் திடீரென்று ஒன்றரை லட்சம் கட்ட நிச்சயம் முடியாது. சம்பளக்காரப் பிள்ளைகள் கடன் வாங்கியாவது சமாளிப்பார்கள். எழுபது வயதுக்காரனுக்கு எந்த வங்கி எளிதில் கடன் கொடுக்கும்? இந்த நிதி மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

வேலையில் இருந்தபோது மாதாமாதம் ஜிபிஎஃப் பிடித்தார்கள். பிடித்த நாளில் யாரும் சந்தோஷப்பட்டதில்லை. மகள் கல்யாணத்துக்கு அதை எடுத்த நாளில்தான் அருமை தெரிந்தது. கட்டடத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஒன்பது வருஷம் கணக்கு எழுதிய எனக்குத் தோன்றாமல் போயிற்று.

டீச்சரம்மா இருந்த வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தை இருக்கிறது. அந்தத் தம்பி நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்கு முன்னாடி எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை தம்பி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரும் பொதுக்குழு நண்பர்கள், கையைத் தூக்குமுன் அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.