தராசில் வைத்த நெருப்பு

கொவிட் காலத்தைப் பற்றிய பேச்சு வந்தால் நம் எழுத்தாளர்கள் சிலரும் ஒரு வசனத்தைக் கூசாமல் சொல்கிறார்கள்: முஸ்லிம்கள் அறியாமையால் நோயை மறைத்தார்கள். வெள்ளாங்குளத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு, அதன்மேல் சிவப்பு மையால் கோடிழுக்கத் தோன்றுகிறது.

எது அறியாமை? 2020 மார்ச்சிலேயே ஜும்ஆவை நிறுத்தச் சொன்னது ஜம்இய்யத்துல் உலமா. நோன்பில் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதே, அங்கிருந்தால் வெளியேறாதே என்ற நபிவழி ஓதப்போகும் பிள்ளைக்கும் தெரியும். முகக்கவசமும் சவர்க்காரமும் நமக்குப் பாரமாகவில்லை.

பாரம் வேறிடத்திலிருந்து வந்தது. கொவிட்டில் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்றது 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. இது தண்ணீரால் பரவும் நோயல்ல என்றார் நம் நாட்டில் பிறந்த வைரஸ் அறிஞர் மலிக் பீரிஸ். கேட்பாரில்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான குழந்தையையும் எரித்தார்கள்.

இனித் தராசைப் பாருங்கள். வயதான உம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு தட்டில் மூச்சுத்திணறல். மறுதட்டில் பிசிஆர், வைத்தியசாலை, அதற்குப்பின் நெருப்பு. எந்தத் தொற்றிலும் வைத்தியம் முதலில் கேட்பது, நோயை நேரத்தோடு சொல் என்பதைத்தான். சொன்னால் கபனும் இல்லை, கபுறும் இல்லை என்று சட்டம் எழுதிவிட்டு, வாய் திறக்கத் தயங்கியவளை அறிவிலி என்பதா? அவளுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. தட்டில் நெருப்பை வைத்தவர்கள்தான் படித்தவர்கள்.

அந்தப் படிப்பின் இலட்சணம் 2021 மார்ச்சில் எங்கள் கரைப்பக்கமே வந்து தெரிந்தது. நிலத்தடி நீர் கெடும் என்று பத்து மாதத்துக்கும் மேலாகச் சொன்னவர்கள், பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதித்ததும் கைகாட்டிய இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் மீண்ட கத்தோலிக்க மீனவர்களின் தீவு. அவர்கள் குடிப்பது தண்ணீரில்லையா? அம்மக்கள் எதிர்த்தார்கள். அதை நம்மீதுள்ள வெறுப்பென்று பேசியவர்களும் நம்மிடையே உண்டு. 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட நமக்கு, ஊர் மீண்டவனின் பயம் விளங்கவேண்டாமா?

மார்ச் 5இல் ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. எரித்தவர்களே பிழையென்று ஒத்துக்கொண்ட பிறகும், அறியாமை என்ற சொல்லை நம் பேனாக்கள் ஏன் இன்னும் விடவில்லை?